சின்ன மீன்பிடிப் படகுக்கு எல்.இ.டி. விளக்கு: ஒயரில் கஞ்சம் பார்க்காதீர்கள்

தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து மாஹிம் கோலிவாடா (மீனவர் குப்பம்) நடக்கிற தூரம்தான். அங்கே ஒரு நண்பரின் ஃபைபர் படகுக்கு முதன்முதலில் விளக்கு மாட்டிக் கொடுத்தது நான்தான். வீட்டு ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, பெருமையாக வந்துவிட்டேன். மூன்றே மாதம். செம்பு பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. விளக்கு மட்டும் புதுசாகவே இருந்தது!

மீனை வெளிச்சம் காட்டிக் கூட்டுகிற பெரிய எல்.இ.டி. வேறு சமாச்சாரம். அந்த மீன்பிடிப்புக்கு மத்திய அரசு 2017 நவம்பரிலேயே தடை போட்டுவிட்டது. நமக்கு வேண்டியது மற்ற படகுக்குத் தெரிகிற விளக்கும், வலையில் வேலை பார்க்கிற விளக்கும்தான்.

முதலில் தெரிகிற விளக்கு. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972 சர்வதேச விதிப்படி, 12 மீட்டருக்குள் இருக்கும் மோட்டார் படகுக்குச் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றும் பக்க விளக்குகளும் போதும். படகுக்குள் அணியத்தை (முன்முனையை) பார்த்து நின்றால் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. 7 மீட்டருக்குள், 7 நாட் (மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டாத படகு என்றால் வெள்ளை கட்டாயம், பக்க விளக்கு முடிந்தால். சட்டென்று திரும்ப முடியாதபடி வலை விட்டிருந்தால் சிவப்புக்குக் கீழே வெள்ளை. இழுவை வலைக்குப் பச்சைக்குக் கீழே வெள்ளை. இவற்றைப் படகுக்கென்றே செய்ததாக வாங்குங்கள். வெள்ளை விளக்கு 2 கடல் மைல் தெரிய வேண்டும்.

வேலை விளக்கில்தான் காசு மிச்சம். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் வண்டிச் சாமான் கடைகளில் கிடைக்கும் 10 வாட் விளக்கு இரண்டு போதும். பெட்டியில் இரண்டு விஷயம் பாருங்கள்: ஐ.பி. 67 (தூசியும் தண்ணீரும் புகாது என்ற குறி) என்று இருக்கிறதா, 10 முதல் 30 வோல்ட் வரை தாங்குமா. சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வோல்ட் வரை போகும். வெறும் 12 வோல்ட் பட்டை விளக்கு அதில் சீக்கிரம் கருகிவிடும்.

இரண்டும் சேர்ந்து 20 வாட், அதாவது 1.7 ஆம்பியர். 6 மணி நேரத்துக்குச் சுமார் 10 ஆம்பியர்-மணி. பழைய 55 வாட் ஹாலஜன் இரண்டு இருந்தால் அதே நேரத்தில் 55 ஆம்பியர்-மணி இழுத்திருக்கும்; காலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் துடுப்புதான்.

மாட்டுவதற்கு நல்ல நேரம், இங்கே மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை படகு கரையில் கிடக்கும் மீன்பிடித் தடைக்காலம். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். இருட்டிய பிறகு விளக்கைக் கையில் பிடித்து இடம் பாருங்கள். ஓட்டுபவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கக் கூடாது. துளை போட்டதும் உள்ளே சிலிகான் நிரப்பி, 316 ஸ்டீல் (உப்புத் தண்ணீரில் எளிதில் துரு ஏறாத ரகம்) திருகால் இறுக்குங்கள்.

சரி, ஒயர். வெள்ளீயம் பூசிய செம்பு, 1.5 சதுர மில்லிமீட்டர். இணைப்புக்குக் கிரிம்ப் லக்குதான் (ஒயர் முனையில் நசுக்கி இறுக்கும் உலோகத் துண்டு); பற்றவைத்தது மட்டும் இருந்தால் இன்ஜின் அதிர்வில் ஒடிந்துவிடும். உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை (சூட்டில் சுருங்கும் உறையை) முதலில் கோத்துவிட்டு அப்புறம் கிரிம்ப் செய்யுங்கள் (இதை எத்தனை முறை மறந்து லக்கை வெட்டியிருக்கிறேன்!). சூடு காட்டும்போது ஓரத்தில் பசை பிதுங்கி வந்தால்தான் தண்ணீர் போகாது. விளக்குக்குள் நுழையும் முன் ஒயரைக் கீழே தொங்குகிற மாதிரி ஒரு வளைவு விடுங்கள், வழிகிற நீர் அங்கேயே சொட்டிவிடும்.

பாசிட்டிவ் ஒயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ். சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை.

கடைசியாக ஒரு சோதனை. விளக்கை அணைத்துவிட்டு, படகின் வி.எச்.எஃப். ரேடியோவைப் பேச்சில்லாத ஒரு சேனலில் வைத்து, ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் குமிழை) இரைச்சல் கேட்கும்வரை திறந்து, அது அடங்குகிற அளவுக்கு மட்டும் திரும்ப மூடுங்கள். விளக்கைப் போட்டதும் மறுபடி இரைச்சல் கேட்டால், அந்த விளக்கின் சர்க்யூட்தான் காரணம். ஒயரை ஆன்டெனாவிலிருந்து தள்ளிப் பாருங்கள். அப்படியும் தீரவில்லை என்றால் விளக்கைக் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். அதனால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.