போஸ்ட்கிரெஸ் கையேட்டில் சின்டாக்ஸ் பிழையைத் திருத்துவது எப்படி?

பெங்களூருவில் டேட்டாபேஸ் வேலையில் இருக்கும் நம்மவர் பலருக்கு, போஸ்ட்கிரெஸ் என்னும் டேட்டாபேஸ் மென்பொருளின் கையேடு அன்றாடம் புரட்டும் ஒன்று. அதில் சின்டாக்ஸ் பிழை, அதாவது கட்டளையை எழுதும் முறையில் ஒரு காற்புள்ளியோ அடைப்புக்குறியோ தவறியிருந்தால் அதை நாமே திருத்தி அனுப்பலாம். ஆனால் சில்க் போர்டு நெரிசலில் கைப்பேசியில் கண்டதை மட்டும் நம்பித் திருத்தம் எழுதக் கூடாது.

ஐயத்துக்குரிய எடுத்துக்காட்டை, அந்தப் பக்கம் எந்தப் பதிப்புக்கு உரியதோ அதே பதிப்பில், கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கருவியான பீஎஸ்க்யூஎல்லில் ஒட்டி இயக்கிப் பாருங்கள். கிரியேட் டேபிள் கட்டளையில் கடைசி நெடுவரிசைக்குப் பின் காற்புள்ளி மிஞ்சியிருந்தால், பிழைச் செய்தி மூடும் அடைப்புக்குறியைத்தான் சுட்டும்; நீக்க வேண்டியதோ அதற்கு முன்னுள்ள காற்புள்ளி. அரைப்புள்ளி விடுபட்டிருந்தால் பிழைச் செய்தியே வராது. கட்டளைக்காகக் காத்திருக்கும் ப்ராம்ப்டில் சமக்குறி இருந்த இடத்தில் சிறுகோடு தோன்றும், அவ்வளவுதான்.

கட்டளைப் பக்கங்களின் தொடக்கத்திலுள்ள சின்டாக்ஸ் சுருக்கத்தை இப்படி இயக்கிப் பார்க்க முடியாது என்பதால், பிழைகள் நெடுநாள் ஒளிந்திருப்பதும் அங்கேதான். சதுர அடைப்புக்குள் இருப்பது விருப்பத்துக்குரியது. நெளிவு அடைப்புக்குள் செங்குத்துக் கோட்டால் பிரிக்கப்பட்டவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். முப்புள்ளி, முந்தைய உறுப்பு மீண்டும் வரலாம் என்பதைக் குறிக்கும். பல பெயர்களை அடுக்கும் இடத்தில், காற்புள்ளியும் முப்புள்ளியும் சேர்ந்தே சதுர அடைப்புக்குள் நிற்க வேண்டும். காற்புள்ளி வெளியே நழுவிவிட்டால், ஒரே ஒரு பெயரைத் தருபவரும் காற்புள்ளி இட்டாக வேண்டும் என்று பொருளே மாறிவிடும். எது சரி என்பதை, கட்டளையைப் படித்துப் பிரித்தறியும் பார்சரின் இலக்கணம் அடங்கிய ‘கிராம் டாட் ஒய்’ கோப்பில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பீஎஸ்க்யூஎல்லில் பின்சாய்கோட்டுடன் ஹெச் தட்டினால் வரும் உதவியும் இந்தச் சுருக்கத்திலிருந்தே உருவாக்கப்படுவதால், இங்குள்ள பிழை அங்கும் தலைகாட்டும்.

கையேட்டின் மூலக் கோப்புகளின் பெயர் எஸ்ஜிஎம்எல் என்று முடிந்தாலும், உள்ளே இருப்பது டேக்குகளால் எழுதப்படும் டாக்புக் எக்ஸ்எம்எல் வடிவம். ஆகவே எடுத்துக்காட்டில் ‘சிறியது’ குறி வந்தால் அதை நேரடியாக இடாமல், ஆம்பர்சண்ட், எல், டி, அரைப்புள்ளி என்ற வரிசையில் எழுத வேண்டும். திருத்தியதும், மூல நிரலில் உள்ள ‘டாக்/எஸ்ஆர்சி/எஸ்ஜிஎம்எல்’ கோப்புறையில் ‘மேக் செக்’ கட்டளையை இயக்குங்கள். மூடப்படாத டேக் ஏதும் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

கிட்ஹப் தளத்தில் இருப்பது மூல நிரலின் நகல் மட்டுமே என்பதால், அங்கு திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட் ஏற்கப்படாது. கிட் கருவி தரும் பேட்ச் கோப்பை, அதாவது மாற்றங்களை மட்டும் கொண்ட கோப்பை, போஸ்ட்கிரெஸ் குழுவின் அஞ்சல் பட்டியலுக்கு மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவதே வழக்கம். வரி மடிப்பையும் நடையையும் சேர்த்துச் சீர்செய்யும் ஆசையை அடக்கிக்கொண்டு, ஒரு பேட்ச்சில் ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். இயக்கிய கட்டளையையும் வந்த செய்தியையும் மடலில் அப்படியே ஒட்டி, அதே பிழை எந்தெந்தப் பழைய பதிப்புகளின் கையேட்டிலும் உள்ளது என்பதைப் பார்த்துக் குறிப்பிடுங்கள்.