பழைய மாணவர் குழுவா? டெலிகிராமில் தொடங்குங்கள்

பழைய மாணவர்கள், குடியிருப்போர் என்று முன்பின் பழகாதவர்களும் சேரும் பெரிய குழுவை வாட்ஸ்அப்பில் தொடங்காமல் டெலிகிராமில் தொடங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக உங்கள் எண் எல்லார் கண்ணிலும் படும். டெலிகிராமில் செட்டிங்ஸ், பிரைவசி, போன் நம்பர் என்று போய் 'நோபடி' வைத்தால் எண் மறைந்துவிடும். முக்கியமாகப் பெண்களுக்கு இது பெரிய நிம்மதி. பழைய செய்திகளைப் புதிதாக வருபவருக்கும் தெரியும்படி வைக்கலாம். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்க மாட்டார்கள்.

குடும்பக் குழுவுக்கு இது வேண்டாம். அத்தை, சித்தப்பா எல்லாரும் ஏற்கெனவே இருக்கும் வாட்ஸ்அப்பே போதும். இன்னொன்று, டெலிகிராம் குழுக்களுக்கு எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும், செயலி நிறுவனம்கூட, செய்தியைப் படிக்க முடியாத பூட்டு) கிடையாது. ஆதார், வங்கி விவரங்களை அங்கே போடவே போடாதீர்கள்.