தசை ஆக்டின் ஆன்டிபாடி: முதல் தடவை ஓட்டுவதற்கு முன்

ஆன்டிபாடி என்பது ஒரு புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு; இங்கே அந்தப் புரதம் ஆக்டின். குப்பியில் 'மசில் ஆக்டின்' என்று போட்டிருக்கிறது என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். எந்த ஆக்டின் என்று பாருங்கள். பாலூட்டிகளில் ஆக்டின் ஆறு வகை: எலும்புத்தசை ஆல்ஃபா, இதயத்தசை ஆல்ஃபா, மென்தசை ஆல்ஃபா, மென்தசை காமா, அப்புறம் எல்லா செல்லிலும் கிடக்கிற பீட்டாவும் இன்னொரு காமாவும். ஆறும் கிட்டத்தட்ட ஒரே வரிசைதான். வேறுபாடு முக்கியமாக அமினோ முனையில். எச்எச்எஃப்35 குளோன் (ஒரே செல் வழியில் வந்த ஆன்டிபாடி) தசை வகைகள் நான்கையும் பிடிக்கும். 1ஏ4 மென்தசை ஆல்ஃபாவை மட்டும்.

ரீகாம்பினன்ட் ஆன்டிபாடி எதற்கு? பழைய முறையில் ஆன்டிபாடியைச் சுரக்கும் ஹைப்ரிடோமா செல் நாளடைவில் மாறிப்போகலாம், செத்தும் போகலாம். ரீகாம்பினன்டில் ஆன்டிபாடியின் வரிசையே தெரியும். அதை வளர்ப்புச் செல்லில் ஏற்றித் தயாரிக்கிறார்கள். ஒரு லாட்டுக்கும் அடுத்ததுக்கும் பெரிய வித்தியாசம் வராது. உங்கள் திசுவில் வேலை செய்யுமா என்பது வேறு கேள்வி. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் முறை) நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஃபைப்ரோபிளாஸ்டுக்கு (இணைப்புத் திசுச் செல்) டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்து, மென்தசை ஆல்ஃபா ஏறுகிறதா என்று பார்த்தேன். அழகாக ஏறியது. அதே மெம்பிரேனை ஸ்ட்ரிப் செய்து (பழைய ஆன்டிபாடியைக் கழுவி எடுத்து), லோடிங் கன்ட்ரோலுக்கு (எல்லாக் கீற்றிலும் புரோட்டீன் ஒரே அளவா என்று பார்க்க) பழக்கதோஷத்தில் பீட்டா ஆக்டின் போட்டேன். அதுவும் ஏறியது! புரோட்டீன் அளவைத் திரும்பத் திரும்ப அளந்தே இரண்டு வாரம் போனது. இரண்டு ஆக்டினும் 42 கிலோடால்டன். சரியாகக் கழுவப்படாத பழைய ஆன்டிபாடிதான் அதே இடத்தில் மின்னிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் லோடிங் கன்ட்ரோலுக்கு நான் போடுவது 37 கிலோடால்டனை ஒட்டி வரும் ஜிஏபிடிஎச் புரதம், இல்லையென்றால் வெகு மேலே நிற்கும் வின்குலின்.

ஆன்டிபாடியை எவ்வளவு நீர்க்க வைப்பது என்று குப்பித்தாளில் போட்டிருப்பதை அப்படியே நம்பாமல் 1:500, 1:1000, 1:2000, 1:5000 என்று நான்கு கீற்று ஓட்டுங்கள். ஆக்டின் தசையில் ஏராளம்; பேண்ட் நடுவில் வெளுத்துப் போனால் ஆன்டிபாடி அதிகம் என்று அர்த்தம், குறைவு என்று அல்ல. செகண்டரியில் (முதலில் ஒட்டிய பிரைமரி ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி) எச்ஆர்பி என்ற என்சைம் இணைந்திருந்தால் அந்தக் கரைசலில் சோடியம் அசைட் சேர்க்காதீர்கள், என்சைம் படுத்துவிடும்.

திசு வெட்டுக்கு வந்தால் எலித் திசுவில் எலி ஆன்டிபாடி வேண்டாம். செகண்டரி அந்தத் திசுவில் ஏற்கெனவே உள்ள இம்யூனோகுளோபுலினையும் பிடித்து, ஸ்லைடு முழுக்கப் பழுப்பாகிவிடும். முயல் ரீகாம்பினன்ட் இங்கேதான் கைகொடுக்கும். பாரஃபின் (மெழுகில் பதித்த) வெட்டு என்றால், மறைந்துபோன ஒட்டுமிடம் திறக்க பி.எச். 6 சிட்ரேட், பி.எச். 9 ஈடிடிஏ கரைசல் இரண்டிலும் சூடாக்கிப் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுங்கள். மென்தசை ஆல்ஃபாவுக்குத் தனியாக பாசிட்டிவ் கன்ட்ரோல் தேடி அலைய வேண்டாம். சின்னத் தமனி ஒன்று எந்த வெட்டிலும் அநேகமாக இருக்கும், அதன் சுவர் வளையமாகப் பழுப்பேற வேண்டும். கல்லீரல் வெட்டாக இருந்தால் பக்கத்திலுள்ள ஹெபட்டோசைட் (கல்லீரல் செல்) நிறமேறாமல் வெறுமையாக நிற்க வேண்டும். அது பழுப்பேறியிருந்தால் அன்றைய ஸ்லைடைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பிரைமரி இல்லாமல் செகண்டரி மட்டும் போட்ட ஸ்லைடைத்தான் அடுத்து எடுத்துப் பார்ப்பேன்.