அலமாரி ஏன் ஒரே வாரத்தில் கலைகிறது?

அலமாரியை ஒழுங்கு செய்ய வேண்டும் என்று தோன்றியதும் பலர் முதலில் செய்வது, டப்பாவும் கூடையும் வாங்குவது. வேண்டாததைக் கழிக்கும் முன்பே டப்பா வந்துவிட்டால், வேண்டாததும் அதற்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். ஒரு தட்டையாவது முழுக்கக் காலி செய்து, கழித்தது போக மிஞ்சியதைப் பாருங்கள். அப்புறம் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போகலாம். கதவின் கீல் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தையும் அளவில் கழியுங்கள். இல்லையென்றால் புது டிராயரை இழுக்கும்போதெல்லாம் இடிக்கும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. எடுக்க வசதியா என்று பார்க்கிறோம், திரும்ப வைக்க வசதியா என்று பார்ப்பதே இல்லை. கத்தரிக்கோலை வைக்கக் கதவைத் திறந்து, மேலே இருக்கும் பெட்டியை இறக்கி, அடிப்பெட்டியின் மூடியைக் கழற்ற வேண்டும் என்றால் அது மேசை மேல்தான் கிடக்கும். வீட்டில் இருப்பவர்களைத் திட்டி என்ன பயன்? அடிக்கடி புழங்கும் பொருளுக்கு மூடி வேண்டாம், திறந்த கூடை போதும். குழந்தையின் துணி குழந்தையின் கைக்கு எட்ட வேண்டும். முட்டி வலி உள்ளவருக்குக் குனியாமல் எடுக்கும்படி இருக்க வேண்டும். இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளில் போய் வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் கம்பளியை அடைத்து வைக்காதீர்கள். அதற்குப் பரண் இருக்கிறது.

ஆழத்தையும் கவனிக்க வேண்டும். ஹேங்கரில் மாட்டச் சுமார் 60 செ.மீ. ஆழம் வேண்டும், மடித்த துணிக்கு 35 செ.மீ. தாராளம். ஆழமான தட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை அடுக்கினால் பின்வரிசை இருப்பதே மறந்துபோகும். பின்னல் ஸ்வெட்டரை மட்டும் மாட்டாமல் மடித்தே வையுங்கள். தொங்கவிட்டால் இழுபட்டுத் தோளில் கொம்பு முளைத்துவிடும்.

நாள்பட வைக்கும் துணியில்தான் சேதம் அதிகம். ஒருமுறை உடுத்தியதைத் துவைக்காமல் உள்ளே வைத்தால், கண்ணுக்குத் தெரியாத வியர்வைக் கறை சில மாதங்களில் மஞ்சளாகத் தலைகாட்டும். இஸ்திரி போட்ட சூட்டோடு அடுக்கினால் ஈரம் உள்ளேயே தங்கும். அட்டைப்பெட்டியும் ஈரத்தை உறிஞ்சும், அதன் பசையைத் தின்ன வெள்ளிப்பூச்சி வரும். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியை நாலு விரல் அளவு முன்னால் நகர்த்தி வைத்தால் பின்னால் காற்று ஓடும், பூஞ்சை குறையும்.

பூச்சி உருண்டையிலும் கவனம் வேண்டும். நாப்தலீன் உருண்டையோடு கற்பூரத்தைச் சேர்த்துப் போட்டால் இரண்டும் இளகித் துணியில் கறை விழலாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே கைக்குழந்தையின் துணிகளுக்கு இந்த உருண்டையே வேண்டாம்.

கனமான பெட்டிகளை மேல்தட்டில் ஏற்றுவதும் ஆபத்து. திறந்த டிராயர்களைப் படியாக்கிக் குழந்தை ஏறினால் அலமாரியே சாய்ந்துவிடும். கனமானவை அடித்தட்டில் இருக்கட்டும். உயரமான அலமாரி எதுவானாலும் அதன் மேல்பகுதியைப் பட்டை வைத்துச் சுவரோடு திருகிவிடுங்கள்.