கம்பி இழுக்காமல் இரண்டு ரவுட்டர்களை இணைப்பது எப்படி?

மலையகத்தில் ஒரு வீட்டுக்கு 4ஜி சிக்னல் கிடைப்பது அந்த வீடு மலையின் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைப் பொறுத்தது. தலவாக்கலைப் பக்கம் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, அக்கா வீடு கீழே பள்ளத்தில். எங்கள் ஜன்னலில் வைத்திருக்கும் சிம் ரவுட்டர் நன்றாக ஓடுகிறது. அக்கா வீட்டிலோ கைபேசியில் ஒரு கோடுகூட ஏறுவதில்லை. உயர்தரம் படிக்கும் அக்கா மகன் இரவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து பாடம் பார்த்தான். அவனுக்காகச் செய்த ஏற்பாடுதான் இது.

கம்பி இழுத்தால் என்ன என்று கேட்பீர்கள். நெட்வொர்க் கம்பி 100 மீட்டர் வரை போகும்தான். ஆனால் ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இங்கே இடிக்கும் இடியைக் கேட்டவர்கள் இரண்டு வீடுகளுக்கு நடுவே வெளியில் செம்புக் கம்பி கட்டமாட்டார்கள். மின்னல் நேராக அதில் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே கம்பியில் மின்சாரம் பாய்ந்து இரண்டு முனையிலும் உள்ளதைக் கருக்கிவிடும்.

தேவைப்படுவது ஒரு பழைய ரவுட்டர். நான் எடுத்தது டிபி-லிங்க் டபிள்யூஆர்841என், பச்சை நிற அமைப்புப் பக்கம் வரும் பழைய வகை. வைஃபையை நீட்டிக்கொடுக்க, சுவர் பிளக்கில் நேராகச் செருகும் எக்ஸ்டெண்டர் எனக்குப் பிடிக்காது. பிளக் இருக்கும் மூலையில்தான் அதுவும் இருக்க வேண்டும். நமக்கு வேண்டியது ஜன்னலோரம்.

முதலில் மேல் வீட்டு ரவுட்டர். அதன் வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ3 என்று இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். பழைய ரவுட்டருக்கு 3 புரியாது. சேனல் 'ஆட்டோ'வில் இருந்தால் 1, 6, 11 இவற்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்துங்கள். தானாகச் சேனல் மாறும் ரவுட்டரோடு இந்த இணைப்பு நிலைக்காது.

இனி இரண்டாவது ரவுட்டர். இரண்டையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். கீழே கொண்டுபோவது கடைசியில். ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பழைய அமைப்புகளை அழித்துவிட்டு, மடிக்கணினியை மஞ்சள் துளை ஒன்றில் கம்பியால் இணைத்து, பிரவுசரில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறவுங்கள். நீலத் துளையை இந்த வேலையில் தொடவே வேண்டாம்.

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான், நிதானமாக வாசியுங்கள். மூன்று மாற்றங்கள் இருக்கின்றன. வரிசை பிசகினால் ரவுட்டருக்குள் நுழையவே முடியாது.

ஒன்று, முகவரி. மேல் ரவுட்டரின் ஐபி முகவரி 192.168.8.1 என்று வைத்துக்கொள்வோம் (பல சிம் ரவுட்டர்களில் இப்படித்தான்). இரண்டாவதின் லேன் முகவரியை (வீட்டு வலைக்குள் அதன் ஐபி முகவரி) 192.168.8.2 ஆக்குங்கள். சேமித்ததும் அது அணைந்து எழும். பிரவுசரில் பழைய பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்காமல் புதிய முகவரியைத் தட்டுங்கள்.

இரண்டு, பாலம். வயர்லெஸ் பக்கத்தில் டபிள்யூடிஎஸ் (ரவுட்டர்களை வைஃபையாலேயே இணைக்கும் முறை) என்ற கட்டத்தை டிக் செய்து, 'சர்வே' பொத்தானை அழுத்தினால் சுற்றியுள்ள வைஃபை பெயர்கள் வரிசையாக வரும். உங்களுடையதைத் தெரிவு செய்தால் மேக் முகவரி (மேல் ரவுட்டரின் அடையாள எண்) தானாக நிரம்பும். கடவுச்சொல்லையும் அதன் வகையையும் கொடுத்து, சேனலை மேல் ரவுட்டரில் வைத்த அதே எண்ணுக்கு மாற்றுங்கள். சேமித்த பிறகு ஸ்டேட்டஸ் பக்கத்தில் டபிள்யூடிஎஸ் நிலை 'ரன்' என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

மூன்று, டிஎச்சிபி. வீட்டுக் கருவிகளுக்கு முகவரி பங்கிட்டுக் கொடுக்கும் வேலை அது. ஒரு வலையில் ஒருவர் செய்தால் போதும். இரண்டாவதில் அதை அணைத்துவிடுங்கள். பாலம் எழும்பும் முன்னரே இதை அணைத்தால் மடிக்கணினிக்கு முகவரி கொடுக்க ஆள் இருக்காது, 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை அதுவே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்படி ஆகிவிட்டால் ரீசெட் வேண்டியதில்லை. மடிக்கணினிக்குக் கையால் 192.168.8.50, மாஸ்க் 255.255.255.0 என்று கொடுங்கள், கதவு திறக்கும்.

மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, கம்பி வழியாக 192.168.8.1-ஐப் பிங் செய்து (அந்த முகவரி பதில் தருகிறதா என்று சோதித்து) பாருங்கள். பதில் வந்தால் ரவுட்டரைக் கீழே கொண்டுபோகலாம்.

எங்கே வைப்பது? சிக்னல் இல்லாத அறையில் வைத்தால் அதற்கும் ஒன்றும் கிடைக்காது. மேல் வீட்டைப் பார்த்த ஜன்னல்தான் இடம். கைபேசியில் வைஃபை அனலைசர் செயலியைத் திறந்து அந்த இடத்தில் பிடித்துப் பாருங்கள்: சிக்னல் எண் மைனஸ் 65 டிபிஎம் அளவில் இருந்தால் நல்லது, மைனஸ் 80 என்றால் வேறு ஜன்னலைத் தேடுங்கள். பழைய லயங்களின் கருங்கல் சுவரும் தகரக் கூரையும் சிக்னலை நன்றாகவே மறிக்கும். மழையையும் பனிமூட்டத்தையும் பலர் குறை சொல்கிறார்கள். இந்தத் தூரத்தில் அவற்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தொல்லை நடுவில் நிற்கும் மரத்தின் நனைந்த இலைகள்தான். எங்களுக்குக் குறுக்கே நின்ற கொய்யாக் கிளையைக் கவ்வாத்து செய்ததும் சரியானது.

வேகம் கிட்டத்தட்டப் பாதியாகும். ஒரே ரேடியோ மேலிருந்து வாங்கவும் கீழே கொடுக்கவும் வேண்டியிருக்கிறதே. பாடம் பார்க்க அது போதும்.

2022 மின்வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கென்று சிறிய யூபிஎஸ் வாங்கியவர்கள் கவனியுங்கள்: என்னிடம் உள்ள 841 கேட்பது 9 வோல்ட், சிம் ரவுட்டர்கள் பல 12 வோல்ட். செருகும் முனை இரண்டிலும் பொருந்திவிடும் என்பதால் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துவிட்டே செருகுங்கள்.

பின்சேர்க்கை: 'ரன்' என்று வரவே இல்லை என்று பண்டாரவளையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய இரண்டு ரவுட்டர்களும் வெவ்வேறு கம்பனிகளின் தயாரிப்பு. டபிள்யூடிஎஸ்ஸுக்குப் பொதுவான ஒரே விதி கிடையாது. ஒருவர் செய்ததை மற்றவர் ஏற்காமல் போகலாம். உங்கள் ரவுட்டரில் 'விஸ்ப்' என்ற முறை (மேல் வைஃபையிலிருந்து இணையத்தை வாங்கிக் கீழே தனி வலை நடத்துவது) இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள். ஆனால் அதில் மேலே சொன்னதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்: லேன் முகவரி 192.168.20.1 போல வேறு வரிசையில் இருக்க வேண்டும், டிஎச்சிபியை அணைக்கக் கூடாது. கீழ் வீட்டிலிருந்து மேல் வீட்டு இணையம் கிடைக்கும். மேல் வீட்டிலிருந்து கீழே உள்ள பிரிண்டர் மட்டும் தெரியாது.