கறுப்புத் திரையும் ஒரு பட்டன் செல்லும்

தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில்தான் ஜெராக்ஸ்; சோறு போடுவது ஆன்லைன் விண்ணப்பங்கள். வருமானச் சான்று, பட்டா, பரீட்சை விண்ணப்பம் எல்லாமே 2013-ல் வாங்கிய ஒரே லேப்டாப்பில்தான். மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம் (ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்). பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால் அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சார்ஜரிலேயே ஓட்டுகிறேன். இந்தப் பேட்டரி சமாசாரம் பின்னால் திரும்ப வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசியில் ஒரு காலை, வெளியே நசநசவென்று மழை. ஷட்டரைத் தூக்கி, ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் பட்டனை அமுக்கினேன். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரை மட்டும் கறுப்பு. எதிரே ஒரு காலேஜ் பையன்: “அக்கா, இன்னைக்குத்தான் கடைசி நாளு.” அவனுக்கு என் ஃபோனிலேயே விண்ணப்பத்தைப் போட்டு அனுப்பிவிட்டு, லேப்டாப்பைச் சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் திருகைக்கூடத் தொடவில்லை. “போர்டு போயிருக்கும்க்கா, புதுசா வாங்கிருங்க.” போர்டு என்றால் மதர்போர்டு, எல்லாப் பாகங்களும் பொருந்தியிருக்கும் உள்பலகை. புதுசு வாங்கக் காசு இருந்தால் நான் ஏன் அங்கே போய் நிற்கிறேன்? திரும்ப எடுத்து வந்து நானே உட்கார்ந்தேன். மூன்று ராத்திரி ஆனது.

எதையும் கழற்றுவதற்கு முன்னால், வண்டி எதுவரை போய் நிற்கிறது என்று பாருங்கள். பட்டனை அமுக்கினால் ஒரு விளக்குகூட எரியாதது ஒரு வியாதி. விளக்கு எரிந்து திரை கறுப்பாக இருப்பது வேறு வியாதி. கம்பெனி லோகோ வந்து, அதற்குப் பிறகு வெள்ளை எழுத்தில் ஏதோ புலம்புவது மூன்றாவது. விண்டோஸ் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பது நான்காவது. நான்குக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் “ஃபார்மேட் போட்டுருவோம்” என்கிறவரிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.

விளக்கே இல்லையென்றால் முதலில் பிளக் பாயின்ட், அடுத்து சார்ஜர். சார்ஜர் லேபிளில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்ற மாதிரி இருக்கும். பெருக்கினால் 65 வாட். பக்கத்து எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தால் அந்த வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். முனைக்கு நடுவே மெல்லிய ஊசி உள்ள சில சார்ஜர்களில் அந்த ஊசி, சார்ஜரை லேப்டாப் அடையாளம் காண்பதற்கு மட்டும். பிளஸ் மின்சாரம் வருவது முனைக் குழலின் உள்சுவரில். ஊசியில் வைத்துப் பார்த்துவிட்டு சார்ஜர் செத்தது என்று முடிவு கட்ட வேண்டாம். மாற்றுச் சார்ஜர் என்றால் வோல்ட்டும் முனையும் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை.

சார்ஜர் சரி, ஆனாலும் உயிர் இல்லையா? சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரியையும் கழற்றுங்கள், பவர் பட்டனை 30 நொடி அமுக்கிப் பிடியுங்கள். போர்டில் தங்கிய மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டிப் பட்டனைத் தட்டுங்கள். வேடிக்கையாகத் தெரியும், ஆனால் இதிலேயே எழுந்த லேப்டாப்புகளைப் பார்த்திருக்கிறேன். பேட்டரி உப்பி, டச்பேடு மேலே தூக்கியிருந்தால் மட்டும் சார்ஜ் போடவும் கூடாது, குத்திப் பார்க்கவும் கூடாது. அப்படியே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இனி என் வியாதி, விளக்கு எரிந்தும் திரை கறுப்பு. கேப்ஸ் லாக்கைத் தட்டினேன். அதன் குட்டி விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே மூளை வேலை செய்கிறது, கோளாறு திரைப் பக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது ஹெச்டிஎம்ஐ வயரால் டிவியில் மாட்டிப் பாருங்கள். அல்லது இருட்டில் ஃபோன் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பின்விளக்கு. எனக்குக் கேப்ஸ் லாக் அசையவே இல்லை. அப்படியானால் முதல் சந்தேகம் ராம்.

பின்மூடியில் ராமுக்கென்று தனிச் சின்னக் கதவு இருந்தது, இரண்டே திருகு. சார்ஜரைப் பிடுங்கி, பட்டனை அமுக்கி மிச்சத்தை வடித்து, ஸ்டீல் பீரோவை ஒருமுறை தொட்டுவிட்டு உட்கார்ந்தேன். உடம்பில் நிலைமின்சாரம் இருந்தால் அது பீரோவோடு போகட்டும். ராமின் இரு பக்கமும் உள்ள கொக்கியை விரலால் விலக்கினால் அது தானாகச் சாய்ந்து எழும். இழுத்தெடுத்தேன். தங்க நிறப் பற்களில் பாதி பழுப்பேறிக் கிடந்தன. மகளின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பர் எடுத்து, பற்கள் ஓடும் திசையிலேயே மெதுவாகத் தேய்த்தேன். ரப்பர் துகள் ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது, பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். திரும்பச் சாய்வாகச் செருகி, கீழே அமுக்கினால் இரு கொக்கியும் “டக்” என்று விழ வேண்டும். அந்தச் சத்தம் வரவில்லை என்றால் சரியாக உட்காரவில்லை. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக, இடம் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். முதல் தடவை திரை வர ஒரு நிமிஷம்கூட ஆகலாம், பொறுங்கள்.

லோகோ வந்தது. நான் சத்தம் போட்டதில் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். அடுத்த வரியில் சந்தோஷம் போனது: இயக்குவதற்கு எந்த டிஸ்க்கும் கிடைக்கவில்லையாம்.

இந்த வரியைப் பார்த்தாலே எல்லோரும் ஹார்ட் டிஸ்க் போச்சு என்பார்கள். முதலில் பென் டிரைவ் ஏதாவது சொருகி இருக்கிறதா பாருங்கள். பிறகு பயாஸுக்குள் போங்கள். விண்டோஸுக்கும் முன்னால் எழுந்து, லேப்டாப்பைக் கிளப்பிவிடும் போர்டின் சொந்த மென்பொருள்தான் அது. பட்டனை அமுக்கியதும் எஃப்2-வை விடாமல் தட்டினால் பெரும்பாலான பிராண்டுகளில் திறக்கும். ஹெச்பி என்றால் எஃப்10. அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. என்னுடையதில் தெரிந்தது. ஆனால் மேலே இருந்த தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது.

அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. பயாஸ் தன் அமைப்புகளையும் கடிகாரத்தையும் மறக்காமல் இருக்க, போர்டில் ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு பட்டன் செல் இருக்கும். சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்தாலும் பெரிய பேட்டரியோ சார்ஜரோ இருக்கும்வரை வெளியே தெரியாது. நானோ பேட்டரியைக் கழற்றிவிட்டேன், தினம் ராத்திரி மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகிறேன். செல் தேய்ந்துகொண்டிருந்தபோது சில நாளாகத் தேதி மட்டும் பிசகியிருக்கிறது, அடியோடு தீர்ந்ததும் எல்லாமே மறந்துபோனது. டிஸ்க்கிலிருந்து விண்டோஸைக் கிளப்ப இரண்டு முறை உண்டு: பழையது லெகசி, புதியது யூஇஎஃப்ஐ. என் விண்டோஸ் லெகசி முறையில் போட்டது. பயாஸ் மறந்துபோய் யூஇஎஃப்ஐ-க்குத் தாவிவிட்டது. டிஸ்க் எதிரிலேயே இருந்தும் அதற்குக் கண் தெரியவில்லை. லெகசிக்கு மாற்றி, தேதியைத் திருத்தி, எஃப்10 தட்டிச் சேமித்தேன். விண்டோஸ் வந்துவிட்டது. அரசாங்க வெப்சைட்டெல்லாம் சில நாளாகவே “பாதுகாப்பில்லை” என்று மிரட்டியதும் இந்தத் தேதியால்தான்.

மறுநாள் வாட்ச் கடையில் செல் வாங்கினேன். என்னுடையதில் அது வெறுமனே சொருகியிருந்தது. சிலவற்றில் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இரண்டு வயரோடு இருக்கும், அதே மாதிரி கேட்டு வாங்க வேண்டும். இப்போது பயாஸ் பக்கங்களை ஃபோனில் படம் பிடித்தும் வைத்திருக்கிறேன்.

நான்காவது வியாதிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸ் 10-ல் வட்டம் சுற்றும்போது பட்டனை அமுக்கிப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் ரிப்பேர் பக்கம் தானாக வரும். அதில் சேஃப் மோடுக்கு, அதாவது அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் ஓடும் நிலைக்குப் போய், கடைசியாகப் போட்ட அப்டேட்டையோ டிரைவரையோ (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) நீக்குங்கள். உள்ளே நுழைந்ததும் பவர் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட் டவுன் பாதி உறக்கம்தான், கோளாறும் சேர்ந்தே மறுநாள் எழுந்திருக்கும்.

டிஸ்க் “டிக்… டிக்” என்று சத்தம் போட்டால் மட்டும் எந்த ரிப்பேரையும் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு தடவை ஆன் செய்வதும் அதன் ஆயுளைக் குறைக்கும். டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, எது போனால் அழுவீர்களோ அதை முதலில் காப்பி எடுங்கள். அக்கா வீட்டு லேப்டாப்பில் அப்படித்தான் செய்தேன். கல்யாண ஃபோட்டோ, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் வந்துவிட்டன. அத்தான் சேர்த்து வைத்திருந்த சினிமாக்களில் பாதி ஏறும்போது டிஸ்க் நின்றுபோனது. “அதை முதல்ல எடுத்திருக்கக் கூடாதா?” என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.