பழைய தியேட்டரை மீட்கும்போது செய்யக் கூடாதவை

சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வே ஊழியர். 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் அவர் கட்டிய தியேட்டர்தான் வெரைட்டி ஹால். அந்தப் பெயரை இன்றும் ஒரு சாலை சுமக்கிறது. சேலம் ஏற்காடு சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்ததற்கு அதன் நுழைவு வளைவுதான் அடையாளம். கொங்கு ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பழைய தியேட்டர் ஒன்றை மக்கள் அரங்கமாக்க யாராவது கிளம்பினால் சந்தோஷம்தான். ஆனால் கிளம்பிய வேகத்தில் முதலில் பெயின்டரைக் கூப்பிட்டு விடுகிறார்கள்.

முகப்பு காத்திருக்கும், கூரை காத்திருக்காது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டையையும் தண்ணீர்த் தாரையையும் சரிசெய்யுங்கள். இரும்புச் சட்டங்கள் சுவரில் உட்காரும் இடத்தில்தான் துரு அதிகம் தின்றிருக்கும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. கட்டமைப்புப் பொறியாளர் ஏறிப் பார்த்துச் சொல்லாமல் ஏசி குழாயையோ விளக்குகளையோ அதில் தொங்கவிட வேண்டாம். கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கடப்பாரையால் உடைக்கவே கூடாது. அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

அடுத்தது சிமென்ட் மோகம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கும், வெயிலில் வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரத்துக்கு வழியில்லை. கொஞ்ச நாளில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூக்கும், பூச்சு பொருக்குத் தட்டி விழும், கூடவே செங்கல்லின் முகமும் பெயர்ந்து வரும். கான்ட்ராக்டர் மறுபடியும் சிமென்ட்டையே அப்புவார். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். காய நாளாகும், அதற்குள் திறப்பு விழாவுக்குத் தேதி குறிக்காதீர்கள்.

தரைச் சரிவை மேடாக்கிச் சமதளம் செய்வதும் வழக்கமாகிவிட்டது. பந்தி போட வசதி என்பார்கள். அப்புறம் பின்வரிசைக்காரருக்கு மேடை தெரியாது, முன்னால் இருப்பவரின் தலைதான் தெரியும். கல்யாண மண்டபம் நம் ஊரில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. சுவரில் பளபளக்கும் டைல்ஸ் ஒட்டினாலும் தொல்லைதான். பேச்சு எதிரொலித்துக் குழம்பும். பழைய சணல் துணியையும் மரப்பலகையையும் பிய்ப்பதற்கு முன் நடு அரங்கில் நின்று கைதட்டிப் பாருங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் அவை இன்னும் வேலை செய்கின்றன.

செவ்வாய்க்கிழமை மாலை இங்கே யார் வருவார்கள் என்ற கேள்வியை வேலை தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். வள்ளி கும்மிப் பயிற்சி, பள்ளி நாடகம், திரைப்படச் சங்கம் என்று யாராவது வாரம் தவறாமல் வாடகைக்கு எடுத்தால்தான் மின் கட்டணத்துக்குக் கை கடிக்காது. ஆண்டுக்கு ஒரு விழாவை நம்பினால் மறுபடியும் பூட்டுதான்.

காகித வேலையிலும் அசட்டை வேண்டாம். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமாச் சட்டப்படி வாங்கிய உரிமம் படம் ஓட்டுவதற்கானது. நாடகத்துக்கும் கூட்டத்துக்கும் தனியே விசாரித்துக்கொள்ளுங்கள். கட்டடத்தில் பங்கு உள்ள பங்காளிகளில் ஒருவர் கையெழுத்துப் போடாமல் நின்றாலும் மொத்த வேலையும் நின்றுவிடும்.

ஆபரேட்டர் ரூமைச் சுத்தம் செய்கிற நாளில் பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடாதீர்கள். கார்பன் புரொஜெக்டர், விளம்பர ஸ்லைடு, டிக்கெட் கட்டு எல்லாம் மூலையில் கிடக்கும். முதலில் போட்டோ எடுத்துப் பட்டியல் போடுங்கள்.